வெளியீட்டுப் பொறுப்பு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு கட்டற்ற மென்பொருளை உருவாக்கி வருகிறோம். எல்லோரும் வேலை முடிந்து வந்து இதற்கு நேரம் ஒதுக்குகிறவர்கள். சென்ற வெளியீட்டில் ஒரே குழப்பம். அறிவிப்பு போய்விட்டது, கோப்பு சர்வரில் ஏறவில்லை. கடைசி நாளில் ஒருவர் மெனுவில் இருந்த சொற்களை மாற்றிவிட்டார், மொழிபெயர்த்தவர்களின் உழைப்பு வீணானது. ஆளுக்கொரு பொறுப்பு என்று எழுதி வைப்போம் என்றேன். "சம்பளமில்லாத வேலையில் யாருக்கு யார் அதிகாரி? எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்" என்கிறார்கள். அடுத்த வெளியீடு நெருங்குகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

– வாசகர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

எழுதி வையுங்கள். உங்கள் நண்பர்களின் தயக்கம் புரிகிறது. பகல் முழுக்க மேலதிகாரிக்குப் பதில் சொல்லிவிட்டு வருகிறவர்கள் இங்கேயும் ஒரு மேலதிகாரியை விரும்ப மாட்டார்கள். ஆனால் நீங்கள் கேட்பது அதிகாரியை அல்ல, ஒவ்வொரு வேலைக்கும் பதில் சொல்ல ஓர் ஆளை. பல பேர் கண்ட பாம்பு சாகாது என்பார்கள். கோப்பை ஏற்றத் தெரிந்தவர்கள் உங்களில் நான்கு பேராவது இருந்திருப்பார்கள். இன்னொருவர் ஏற்றியிருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்திருப்பார்கள்.

பைத்தான் என்ற நிரல்மொழியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு ரிலீஸ் மேனேஜர், அதாவது வெளியீட்டுப் பொறுப்பாளர், உண்டு. அவரால் யாரையும் 'இதை எழுதிக் கொடு' என்று ஏவ முடியாது. ஆனால் மே மாதவாக்கில் முதல் பீட்டா, அதாவது சோதனைப் பதிப்பு, வந்துவிட்டால் அந்தப் பதிப்பில் புதிய வசதிகளுக்குக் கதவு மூடப்படும். விதிவிலக்கு கேட்டால் முடிவு அவருடையது. வெளியீட்டன்று செய்ய வேண்டியதெல்லாம் 'பெப் 101' என்ற ஆவணத்தில் படிப்படியாக எழுதப்பட்டிருக்கிறது. லினக்ஸ் இயங்குதளமான டெபியனில் இன்னும் கண்டிப்பு. கடுமையான பக் (பிழை) தீராத பேக்கேஜை (மென்பொருள் பொதியை) வரப்போகும் பதிப்பிலிருந்து வெளியீட்டு அணி எடுத்தே விடலாம். நீங்களும் முதலில் ஒருவருக்குக் கொடுக்க வேண்டியது இதைத்தான்: 'இது இந்த முறை வேண்டாம், அடுத்ததில் பார்க்கலாம்' என்று சொல்லும் உரிமை. அந்த உரிமை இல்லாத பொறுப்பாளருக்குப் பழி மட்டும்தான் மிஞ்சும்.

மொழிபெயர்ப்பாளர்கள் விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே வருத்தம். மெனுவில் ஒரு சொல்லை மாற்றுவது கோடில் ஒரு வரி. ஆனால் கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்பு முறையில், மொழிபெயர்ப்பைத் தேடி எடுக்க மூல வாசகம்தான் சாவி. அது மாறினால் பழைய மொழிபெயர்ப்பு பொருந்தாமல் போகும், அல்லது 'ஃபஸி' (சந்தேகத்துக்குரியது) என்று குறிக்கப்பட்டு, கோடிலிருந்து மென்பொருளை உருவாக்கும் பில்டில் விடுபட்டுவிடும். பயனர் திறந்து பார்த்தால் தன் மொழி மெனுவின் நடுவே ஆங்கில வரி நிற்கும், குறை மொழிபெயர்த்தவர் தலையில் விழும். லினக்ஸ் கணினிகளுக்கான திரைமுகப்பான க்னோமில் இதற்காகவே வாசகங்களை உறையவைக்கும் தேதி ஒன்று இருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு சொல்லை மாற்றவும் மொழிபெயர்ப்பு அணியின் ஒப்புதல் வேண்டும். உங்கள் அட்டவணையிலும் அப்படி ஒரு தேதி இருக்கட்டும். அதைத் தளர்த்தும் முடிவு கோட் எழுதுகிறவர்களிடம் இருக்க வேண்டாம்.

இவ்வளவும் சொன்னபின், எல்லாவற்றையும் ஒருவர் தலையில் கட்டுவதும் ஆபத்து என்பதைச் சொல்லியாக வேண்டும். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளின் விவகாரம் வெடித்ததே, நினைவிருக்கிறதா? பல ஆண்டுகள் தனியாளாகச் சுமந்து களைத்த ஒருவருக்கு உதவ வந்தவர், பொறுமையாக நம்பிக்கையைச் சம்பாதித்து, வெளியீட்டு உரிமையையும் பெற்றார். 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு, அதாவது வெளியாள் ரகசியமாக உள்ளே வரும் வழி, நுழைந்தது. அதை இயக்கிவிடும் ஸ்கிரிப்ட் கோட் எல்லோரும் பார்க்க இருக்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை, வெளியிடப்பட்ட டார்பாலில் (சுருக்கிக் கட்டிய கோப்பில்) மட்டும் இருந்தது. எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைவது அரை நொடி தாமதமாவதை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் கவனித்துத் துருவியதால்தான் வெளிச்சத்துக்கு வந்தது. களஞ்சியத்தையும் டார்பாலையும் இரண்டாவது ஆள் ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கமாக இருந்திருந்தால், அந்த ஸ்கிரிப்ட் முன்பே கண்ணில் பட வாய்ப்பிருந்தது. அந்த முதல் மனிதரின் களைப்பை யாரும் பகிர்ந்துகொள்ளாமல் விட்டதும் இதில் சேர்த்திதான்.

உங்களைப் போன்ற சிறிய குழுவில் ஒருவரே இரண்டு பொறுப்புகளை வைத்துக்கொள்ளலாம். பேக்கேஜ் செய்கிறவரும் அதைச் சரிபார்க்கிறவரும் மட்டும் ஒருவராக இருக்கக் கூடாது. களஞ்சியத்தில் பதிப்பு எண்ணை டேக் போட்டு, பில்ட் எடுத்து, டிஜிட்டல் கையொப்பமிட்டு ஏற்றுவது ஒருவர் வேலை. சர்வரிலிருந்து அதை இறக்கி, இதுவரை நிறுவாத ஒரு கணினியில் நிறுவிப் பார்ப்பது இன்னொருவர் வேலை. அறிவிப்பை அனுப்புகிறவர் இந்த இரண்டாமவர் 'சரி' என்ற பிறகுதான் அனுப்ப வேண்டும், முதலாமவர் சொன்னால் போதாது. சென்ற முறை இந்த ஒரு கட்டுப்பாடு இருந்திருந்தால் அறிவிப்பு முந்திக்கொண்டு போயிருக்காது. பாஸ்வேர்டும் கையொப்பச் சாவியும் குறைந்தது இரண்டு பேரிடம் இருக்கட்டும்.

ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு மாற்றாள் பெயரையும் எழுதுங்கள். சர்வர்களில் மென்பொருள்களை நிர்வகிக்கும் குபெர்நெட்டீஸில் வெளியீட்டு அணிப் பொறுப்புகளுக்கு 'ஷேடோ' என்று உடனிருந்து கற்பவர்கள் இருக்கிறார்கள். அடுத்தடுத்த வெளியீடுகளைப் பெரும்பாலும் அவர்கள்தான் தலைமையேற்று நடத்துகிறார்கள். 2018இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் சிறிது காலம் ஒதுங்கியிருந்தபோது லினக்ஸ் 4.19ஐ கிரெக் குரோவா-ஹார்ட்மன் வெளியிட்டார். இரண்டு வாரம் மாற்றங்களை வாங்குவது, பிறகு வாரத்துக்கு ஓர் ஆர்சி (ரிலீஸ் கேண்டிடேட், இறுதிக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) என்ற ஒழுங்கு எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் வேலை தடைப்படவில்லை. சம்பளமில்லாமல் செய்கிறவருக்கு உடம்பு முடியாமல் போகலாம், வீட்டில் ஏதாவது நேரலாம். 'இந்த வாரம் என்னால் ஆகாது' என்று அவர் கூச்சமின்றிச் சொல்ல வேண்டுமானால், எடுத்துச் செய்ய ஆள் தயாராக இருக்க வேண்டும்.

தேதிக்கு இரண்டு வாரம் முன்பே ஒரு ரிலீஸ் கேண்டிடேட்டை இதே ஆட்களை வைத்து, இதே வரிசையில், அறிவிப்பு வரைக்கும் வெளியிட்டுப் பாருங்கள். எந்தப் பொறுப்புக்குப் பெயர் எழுத மறந்தீர்கள் என்பது அப்போதே தெரிந்துவிடும்.