வாக்காளர் இல்லாத கட்சி

அன்புள்ள ஐயா,

இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் எந்த ஆட்சி வந்தாலும் அதோடு ஒட்டிக்கொள்கிறது. 1976இல் மற்றத் தமிழ்க் கட்சிகள் தனிநாடு கேட்டபோதும் ஒதுங்கிக்கொண்டது. இதற்குச் சந்தர்ப்பவாதம் என்பதைத் தவிர வேறு பெயர் உண்டா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

சந்தர்ப்பவாதம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பழக்கம் எப்படிப் படிந்தது என்று பார்க்க வேண்டும்.

1939இல் நேரு இலங்கைக்கு வந்துபோனதை ஒட்டித் தொடங்கியது இலங்கை இந்தியக் காங்கிரஸ். அதன் தொழிற்சங்கக் கிளைதான் பின்னாளில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ். 1947 தேர்தலில் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்தில் பல தொகுதிகளை வென்றார்கள். நுவரெலியாவில் வென்றவர் கட்சித் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான். மறு ஆண்டே இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய குடியுரிமைச் சட்டம் வந்தது, 1949இல் அவர்களின் வாக்குரிமையும் போனது. கட்சி இருக்கிறது, தலைவர் இருக்கிறார், ஓட்டுப் போட ஆள் இல்லை!

மிஞ்சியது சங்கம் மட்டும்தான். வாக்காளர் பட்டியலில் இல்லாத பெயர் தோட்டத்துச் செக்ரோலில், அதாவது வேலையாள் பதிவேட்டில், இருந்தது. சங்கச் சந்தாவைச் சம்பளத்தில் பிடித்தார்கள். தேயிலைக் கொழுந்தை நாள் கணக்கில் பறிக்காமல் விட்டால் முற்றிவிடும், நாட்டின் அந்நியச் செலாவணியும் அடிவாங்கும். அந்தப் பலத்தை வைத்துக்கொண்டு ஆள்பவர்களிடம் பேரம் பேசுவதைத் தவிர வேறு வழியில்லை. தொண்டமான் 1960இல் பிரதமர் சிறிமாவோ காலத்திலும் 1965இல் பிரதமர் டட்லி காலத்திலும் நியமன உறுப்பினராகத்தான் சபைக்குப் போனார். இடையில் நாடற்றவர்களைப் பங்குபோட்ட 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தம்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. சம்பந்தப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை.

தனிநாட்டு விஷயத்தில் எனக்குத் தொண்டமான்மேல் குறையில்லை. 1972இல் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்தோடு கூட்டணியில் இருந்தவர்தான். ஆனால் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவில் கிடக்கின்றன. 1976இல் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் போட்டவர்களின் வரைபடத்தில் மலையக நகரான அட்டன் இல்லை. 1977 கலவரத்தில் தொழிலாளர் குடியிருக்கும் தோட்ட லயங்களிலும் அடி விழுந்தது.

அப்புறம் 1986. அப்போது அவர் ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்தனா அரசில் அமைச்சர். குடியுரிமை கேட்டுத் தன் அரசுக்கு எதிராகவே வேலைநிறுத்தம் அறிவிக்க முடியுமா? பிரார்த்தனை என்றார். தைப்பொங்கல் அன்று தொடங்கி, காலையில் மலைக்குப் போகவேண்டிய நேரத்தில் தொழிலாளர்கள் சாமி கும்பிட உட்கார்ந்தார்கள். கும்பிடுகிறவர்களை எந்தத் தோட்டத்துரை விரட்டுவார்? அந்த ஆண்டே நாடற்றவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் வந்தது. மிச்சம் இருந்ததை 2003 சட்டம் தீர்த்தது. அமைச்சர் பதவியை வைத்து இவ்வளவு சாதித்த இன்னொரு சிறுபான்மைக் கட்சியை இலங்கையில் எனக்குத் தெரியாது.

ஓட்டு திரும்பி வந்த பிறகும் கட்சி மாறவில்லை என்பதுதான் என் மனத்தாங்கல். 1999இல் தொண்டமான் மறைந்தார். பேரன் ஆறுமுகன், 2020இல் அவரும் போனபின் அவர் மகன் ஜீவன் என்று தலைமை வீட்டுக்குள்ளேயே நின்றது. ஆயிரம் ரூபாய் நாள் சம்பளத்துக்காக ஆண்டுக்கணக்கில் இழுபறி. கடைசியில் 2021இல் அது அரசின் சம்பளச் சபை வெளியிட்ட வர்த்தமானி வழியாகத்தான் வந்தது, சங்கங்களும் முதலாளிகளும் போடும் கூட்டு ஒப்பந்தத்தால் அல்ல. பேரம் பேசிப் பேசியே வளர்ந்த கட்சிக்கு அந்தப் பேரத்தை முடிக்கத் தெரியவில்லை. இந்தக் காலத்தைப் பற்றித்தான் உங்கள் கேள்வி என்றால், நானும் உங்கள் கட்சிதான்.