படம், சார்ட், டேபிள்: மேனுவல் எழுதுகிறவர்கள் கேட்டவை

யூசர் மேனுவல், எஸ்ஓபி (ஒரு வேலையைப் படிப்படியாகச் செய்யும் முறையை எழுதிய தாள்), ரிப்போர்ட் என்று வேலையிடத்தில் எழுதுகிற பலர் படங்கள் பற்றிக் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். சென்னையில் 20 வருடமாக டெக்னிக்கல் ரைட்டராக இருக்கிறேன். முதலில் தொழிற்சாலைகளுக்கு எழுதினேன், அப்புறம் சாஃப்ட்வேருக்கு. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (அம்பத்தூர், மெயின்டனன்ஸ் பிரிவு): மேடம், மெஷினுக்கு கிரீஸ் போடுவதற்கு எஸ்ஓபி தயார் செய்கிறேன். செல்போனில் எடுத்த போட்டோ போதுமா, வரைய வேண்டுமா?

பதில்: இரண்டுக்கும் இடம் உண்டு. எந்த மெஷின், அதில் எந்தப் பக்கம் என்று அடையாளம் காட்ட போட்டோ நல்லது. எந்த நிப்பிளில் (கிரீஸ் ஏற்றும் சிறு முனை) கிரீஸ் கன்னை வைக்க வேண்டும் என்று காட்டும்போது கோட்டுப் படம்தான் சரி. போட்டோவில் எண்ணெய்க் கறை, வயர், நிழல் எல்லாமே நிப்பிள் அளவுக்குக் கண்ணில் படும். கோட்டுப் படத்தில் அவற்றை விட்டுவிடலாம். வரைய வராது என்றால், போட்டோவை பவர்பாயின்ட்டில் போட்டு அதன்மேல் கோடு இழுத்துவிட்டு, அடியில் இருக்கும் போட்டோவை நீக்கிவிடுங்கள். பாகங்களின் எண்கள் கடிகாரம் சுற்றும் திசையில் போகட்டும். எண்ணிலிருந்து பாகத்துக்குப் போகும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது.

இன்னொன்று, இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு பிரஸ் மெஷினை முன்பக்கத்திலிருந்து பார்ப்பது போல வரைந்து கொடுத்தேன். கிரீஸ் போடுகிறவர் நிற்பதோ பின்பக்கம். படத்தில் இடது பக்கம் இருந்த நிப்பிள் அவருக்கு வலது பக்கம். அவர் தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடியதை நேரில் பார்த்தேன். அதிலிருந்து, அவர் நிற்கிற இடத்தில் போய் நின்று பார்க்காமல் நான் எதையும் வரைவதில்லை.

கேள்வி (ஒரகடம், தரக் கட்டுப்பாடு): ஏற்கலாம் என்பதற்குப் பச்சை, தள்ள வேண்டும் என்பதற்குச் சிவப்பு என்று ஒரு சார்ட் போட்டிருக்கிறோம். இதில் வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

பதில்: முதலில் அதை ஒரு ஜெராக்ஸ் எடுத்துப் பாருங்கள். ஒரு ஆலைக்கு நானும் இப்படித்தான் கலரில் செய்து கொடுத்தேன். ஆபீஸ் சுவரில் பளிச்சென்று இருந்தது. மூன்று மாதம் கழித்து லைனுக்குப் போனால், அங்கே மாட்டியிருந்தது கருப்பு வெள்ளை ஜெராக்ஸ், அதுவும் நகலிலிருந்து எடுத்த நகல். நான் போட்டிருந்த சிவப்பும் அடர் பச்சையும் ஒரே சாம்பல் நிறம். எந்தப் பெட்டி எது என்று தெரியாமல் ஆபரேட்டர் ஒருவர் பால்பாயின்ட் பேனாவால் சில பெட்டிகளில் டிக்கும் சிலவற்றில் பெருக்கல் குறியும் போட்டு வைத்திருந்தார். நான் செய்யத் தவறிய வடிவமைப்பை அவர் செய்திருந்தார். அடுத்த பதிப்பில் அவருடைய குறிகளையே அச்சில் ஏற்றினேன்.

நிறம் இருக்கட்டும். அதோடு ஒரு குறியோ ஒரு சொல்லோ சேர்ந்தே இருக்க வேண்டும். சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள் நம் கூடவே வேலை செய்கிறார்கள். பெண்களைவிட ஆண்களிடம் இது அதிகம். பலர் வெளியே சொல்வதும் இல்லை.

கேள்வி (வேளச்சேரி): வேர்டில் ஒரு வரி சேர்த்தால் படம் வேறு பக்கத்துக்கு ஓடிவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: படத்தின் ராப் டெக்ஸ்ட் அமைப்பை 'இன் லைன் வித் டெக்ஸ்ட்' என்று மாற்றி, அதைத் தனிப் பத்தியாக வையுங்கள். அந்தப் பத்திக்கு 'கீப் வித் நெக்ஸ்ட்' கொடுத்தால் கீழே உள்ள தலைப்பு வரியும் கூடவே வரும். ஸ்கிரீன்ஷாட் என்றால் பிஎன்ஜி ஆகச் சேமியுங்கள். ஜேபெக் ஆக்கினால் எழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்தது போலத் தெரியும்.

கேள்வி (தரமணி, டேட்டா அனலிஸ்ட்): மாத ரிப்போர்ட்டில் 3டி பை சார்ட்தான் (வட்டத்தைத் துண்டு போட்டுக் காட்டும் படம்) வேண்டும் என்கிறார் மேனேஜர். எப்படி மறுப்பது?

பதில்: நம் ஊர்க் கணக்கையே போட்டுக் காட்டுங்கள். சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளில் நான்கின் முழுக் கொள்ளளவு, மில்லியன் கன அடியில்: செம்பரம்பாக்கம் 3,645, புழல் 3,300, பூண்டி 3,231, சோழவரம் 1,081. இதை 3டி பை ஆக்கினால், முன்னால் வருகிற துண்டு எதுவோ அதுதான் பெரிதாகத் தெரியும். புழலா பூண்டியா என்று யாராலும் சொல்ல முடியாது. நீளத்தை ஒப்பிடுகிற அளவுக்குக் கோணத்தைக் கண்ணால் துல்லியமாக ஒப்பிட முடியாது. கிளீவ்லாண்ட், மெக்கில் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1984லேயே இதைச் சோதித்துக் காட்டிவிட்டார்கள்.

சரி, பார் சார்ட் போட்டால் எல்லாம் தீர்ந்ததா என்றால் இல்லை. செங்குத்து அச்சின் எண்களை 3,000இல் தொடங்கிப் பாருங்கள். செம்பரம்பாக்கத்தின் பட்டை 645 உயரம், புழலின் பட்டை 300 உயரம். பார்க்கிறவர் செம்பரம்பாக்கம் இரண்டு மடங்குக்கு மேல் பெரியது என்றுதான் எடுத்துக்கொள்வார். உண்மையில் அது பத்தில் ஒரு பங்குதான் கூடுதல். சோழவரமோ படத்திலேயே இருக்காது. பட்டை என்றால் பூஜ்யத்திலிருந்து தொடங்குங்கள், இதில் சலுகையே கிடையாது. சரியான எண்ணே வேண்டும் என்கிறவருக்கு டேபிள் கொடுங்கள். எண்களை வலப்பக்கம் ஒட்டி அடுக்குங்கள். ஜூனிலிருந்து டிசம்பர் வரை நீர்மட்டம் எப்படி ஏறியது என்பதற்குக் கோட்டு வரைபடம். மேனேஜரிடம் வாதாட வேண்டாம். 3டி பையையும் பார் சார்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த ஏரி இரண்டாவது பெரியது என்று மட்டும் கேளுங்கள்.

கேள்வி (கிண்டி): எழுத்தில் எல்லாம் இருக்கும்போது சார்ட்டுக்கு இவ்வளவு நேரம் செலவழிக்க வேண்டுமா?

பதில்: 1986 ஜனவரி 28ஆம் தேதி சேலஞ்சர் விண்கலம் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். முந்தின இரவே ராக்கெட் மோட்டார் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள், குளிரில் ஓ-ரிங் (மோட்டார் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையம்) தாங்காது, ஏவ வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். அவர்களிடம் தரவு இருந்தது. ஆனால் எல்லாப் பயணங்களின் வெப்பநிலையையும் ஓ-ரிங் பாதிப்பையும் ஒன்றாகக் காட்டும் ஒரே ஒரு படம் அங்கே இல்லை. பின்னால் விசாரணைக் குழு மொத்தத்தையும் சேர்த்துப் பார்த்தது. 65 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே பறந்த நான்கு முறையும் பாதிப்பு. அதற்கு மேல் 20 முறையில் மூன்று மட்டுமே. ஏவும் முடிவை எடுத்தவர்கள் மேலாளர்கள், பழியைப் படத்தின் மேல் மட்டும் போட முடியாது. ஆனாலும் அந்த 24 புள்ளிகளும் ஒரே தாளில் இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கும்போதெல்லாம் மனசு கனத்துப் போகிறது. அதனால், ரிப்போர்ட்டில் பழுதான நாட்களை மட்டும் காட்டாதீர்கள். பழுதில்லாத நாட்களும் அதே படத்தில் வரட்டும்.

கேள்வி (பெருங்குடி, பயிற்சிப் பிரிவு): தமிழ், ஆங்கிலம், இந்தி மூன்றிலும் ஒரே எஸ்ஓபி வேண்டும். தமிழ் மட்டும் பெட்டியை விட்டு வெளியே வருகிறது, அக்கா.

பதில்: படத்துக்குள் சொற்களை எழுதாதீர்கள். படத்தில் 1, 2, 3 என்று எண் மட்டும் இருக்கட்டும். சொற்கள் கீழே டேபிளில் வரட்டும். அப்போது மூன்று மொழிக்கும் ஒரே படம் போதும். தமிழுக்கு வரி இடைவெளி கொஞ்சம் கூடுதலாக வேண்டும், இல்லாவிட்டால் மேல் வரியின் 'ழு', 'ளூ' வால்கள் கீழ் வரியின் 'கி', 'லீ' மேல் வளைவுகளில் போய் இடிக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு இருந்தால் இப்போதே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் திறக்கும். யூனிகோடு எழுத்துருவுக்கு விண்டோஸிலேயே நிர்மலா யூஐ இருக்கிறது. நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம்.

கேள்வி (மறைமலை நகர்): எச்சரிக்கைக் குறிகளை எங்கே வைப்பது?

பதில்: அந்த வேலைப் படிக்கு முன்னால். "மூடியைத் திற" என்று சொல்லிவிட்டு அடுத்த வரியில் "சூடாக இருக்கும்" என்றால், கை ஏற்கெனவே சுட்டிருக்கும். குறிகளைச் சொந்தமாக வரைய வேண்டாம், பாதுகாப்புக் குறிகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 7010 இருக்கிறது: மஞ்சள் முக்கோணம் எச்சரிக்கை, நீல வட்டம் கட்டாயம் செய்ய வேண்டியது, குறுக்குக் கோடு போட்ட சிவப்பு வட்டம் செய்யக் கூடாதது.

கேள்வி (சோழிங்கநல்லூர்): ஏஐ வரைந்த படத்தை மேனுவலில் போடலாமா?

பதில்: மெஷினின் பாகத்தைக் காட்டும் இடத்தில் கூடாது. இல்லாத போல்ட்டை அது இருப்பது போலவே வரைந்துவிடும், அதைத் தேடி ஒருவர் மெஷின் முன்னால் நிற்பார்.

கேள்வி (தாம்பரம், கல்லூரி மாணவர்): அக்கா, வேலைக்கு விண்ணப்பிக்க ஒரு மாதிரி தயார் செய்ய வேண்டும். எதை எடுத்துக்கொள்வது?

பதில்: வீட்டு மிக்ஸியை எடுத்துக்கொள்ளுங்கள், தம்பி. ஜார் மூடியின் பழைய வாஷரைக் கழற்றிப் புதிதாகப் போடுவது எப்படி என்று ஒரே பக்கத்தில், நான்கு படங்களோடு செய்யுங்கள். அதை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, வாயே திறக்காமல் பக்கத்தில் நில்லுங்கள். அவர் கை எங்கே தயங்குகிறதோ அந்தப் படத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுவிட்டு, அதை மட்டும் திரும்ப வரையுங்கள். விண்ணப்பத்தில் இரண்டு பதிப்பையும் வையுங்கள், பென்சில் வட்டத்தோடு.