சிறுநீரகத் தழும்பும் டிஜிஎஃப்-பீட்டாவும்: வாசகர் கேள்விகள்

கே: டிஜிஎஃப்-பீட்டா கெட்ட புரதமா?

ப: இல்லை. செல்களுக்குச் சமிக்ஞை தரும் புரதம் அது, காயம் ஆற வேண்டும். அதை உண்டாக்கும் மரபணு இல்லாத எலிக்குட்டிகள் மூன்று நாலு வாரத்தில் உடலெங்கும் அழற்சி பரவிச் செத்துப்போகின்றன. சமிக்ஞை ஓயாமல் தொடர்வதுதான் வினை. அந்தச் சமிக்ஞையைச் சுமக்கும் ஸ்மாட்3 என்ற புரதம் செல்லின் உட்கருவுக்குள் போய், தழும்பின் நாரான கொலாஜன் உற்பத்தியை முடுக்கும். அதைத் தடுக்க வேண்டிய ஸ்மாட்7 என்ற புரதம், நோயுற்ற சிறுநீரகத்தில் குறைந்துபோகிறது. சேர்ந்த கொலாஜனைக் கரைக்கும் நொதிகளும் முடங்குகின்றன.

கே: அதை முடக்க ஊசி கண்டுபிடிக்கலாமே?

ப: கண்டுபிடித்தாயிற்று. 1990-லேயே எலிகளில் பலித்தது. பிறகு நீரிழிவுச் சிறுநீரக நோயாளிகள் 400 பேர் போல எடுத்துச் சோதித்தார்கள். பலன் தெரியாததால் முடியும் முன்பே நிறுத்தினார்கள்.

கே: லோசார்ட்டான் என்ற பிரஷர் மாத்திரை ஆரம்பித்ததும் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 1.4-லிருந்து 1.6 ஆனது. பிரஷரும் நார்மல். நிறுத்திவிட்டேன். சரிதானே?

ப: யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள்? மாதம் தவறாமல் இப்படி ஒரு கடிதம் வருகிறது. ஆஞ்சியோடென்சின் 2 என்ற ஹார்மோன் பிரஷரை மட்டும் ஏற்றுவதில்லை, சிறுநீரகத்தில் டிஜிஎஃப்-பீட்டாவையும் கூட்டுகிறது. இந்த மாத்திரை அந்த இடத்தில்தான் கை வைக்கிறது. சிறுநீரகத்தின் வடிகட்டியான குளோமருலஸின் வெளிவழி ரத்தக்குழாய் தளர்ந்து உள்ளழுத்தம் இறங்கும்போது கிரியாட்டினின் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். 30 சதவீதம் வரை பொறுக்கலாம். உங்களுடையது 15-கூட இல்லை. 2001-இல் வந்த பெரிய ஆய்வில், டைப் 2 நீரிழிவுக்காரர்களுக்கு டயாலிசிஸ் கட்டத்தை எட்டும் அபாயத்தைக் கால்பங்குக்கு மேல் குறைத்த மருந்து இது. பொட்டாசியம் எகிறினால், கடும் வாந்திபேதி வந்தால், கர்ப்பமானால் கதை வேறு. அப்போதும் முடிவு உங்கள் மருத்துவருடையது. மூன்று பக்கம் எழுதியவர் சிறுநீரில் கசியும் ஆல்புமின் என்ற புரதம் எவ்வளவு என்று ஒரு வரி எழுதவில்லை! அதைப் பாருங்கள். மூட்டுவலி என்று சிறுநீரகத்தைக் கெடுக்கும் வலிமாத்திரை போடாதீர்கள்.

கே: ஸ்கேன் நார்மல். தழும்பு இல்லைதானே?

ப: ஆரம்பத் தழும்பு ஸ்கேனில் தெரியாது. சிறுநீர் ஆல்புமின் பாருங்கள்.

கே: மூலிகைப் பொடி தழும்பைக் கரைக்குமா?

ப: என்ன பொடி என்றே எழுதாமல் கேட்டால் எப்படி? 1990-களில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் தழும்பேறிச் செயலிழந்தது. அதிலிருந்த அரிஸ்டோலோகிக் அமிலம் என்ற தாவர நஞ்சு செய்த வேலை.

கே: ரத்தத்தில் டிஜிஎஃப்-பீட்டா அளவு பார்க்கட்டுமா?

ப: வேண்டாம். ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட்டுகளில் அது நிறைய உண்டு. ரத்தத்தைக் கையாளும் விதத்திலேயே அளவு எகிறிவிடும். அந்தக் காசுக்குச் சிறுநீர் ஆல்புமின்!