கேளுங்கள், சொல்கிறேன்: வீட்டுக் கணினிக்குள் ஒரு வெப் சர்வர்

வீட்டுக் கணினியையே வெப் சர்வர் ஆக்கும் ஸாம்ப் (XAMPP) என்ற மென்பொருளைப் பற்றிப் போன இதழில் நாலு வரிதான் எழுதினேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இந்த இதழ் முழுக்க அதற்கே.

சார், எச்டிஎம்எல் ஃபைலை டபுள் கிளிக் செய்தால் பிரவுசரில் அழகாகத் திறக்கிறது. பிஎச்பி ஃபைலைத் திறந்தால் நான் எழுதிய கோடு அப்படியே எழுத்தாக வருகிறது. ஸாம்ப் போடு என்கிறார்கள் தோழிகள். அது என்ன செய்யும்?
– பி.சி.ஏ. இரண்டாம் ஆண்டு மாணவி, திண்டுக்கல்

பிரவுசருக்கு எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் தெரியும். பிஎச்பி என்ற புரோகிராம் மொழி தெரியாது. தோசை கேட்டவருக்கு மாவுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜையில் வைத்தால் எப்படி இருக்கும்? நீங்கள் டபுள் கிளிக் செய்தபோது நடந்தது அதுதான். நடுவில் அடுப்பும் கல்லும் வேண்டும். வெப் சர்வர்தான் அடுப்பு, பிஎச்பிதான் கல். பிரவுசர் பக்கத்தைக் கேட்கும், சர்வர் உங்கள் கோடை பிஎச்பியிடம் கொடுத்து ஓட்டும், வெந்து வந்த எச்டிஎம்எல்லை மட்டும் பிரவுசருக்குக் கொடுக்கும்.

அட்ரஸ் பாரைப் பாருங்கள். அங்கே ‘ஃபைல்’ என்று தொடங்கினால் சர்வர் நடுவில் இல்லை. ‘எச்டிடிபி’ என்று தொடங்க வேண்டும். பிஎச்பியே எழுதாதவர்களுக்கும் இது பொருந்தும். ஜாவாஸ்கிரிப்ட் மாட்யூல்களை வெறும் ஃபைலாகத் திறந்தால் பிரவுசர் பாதுகாப்புக்காகத் தடுத்துவிடும். கோடில் தப்பு இருக்கிறதோ என்று இரவெல்லாம் தேடியவர்களை எனக்குத் தெரியும்.

அப்பாச்சி ஃப்ரெண்ட்ஸ் என்ற குழு 2002-இல் தொடங்கியது ஸாம்ப். அப்பாச்சி வெப் சர்வர், மரியாடிபி டேட்டாபேஸ், பிஎச்பி, பெர்ல் எல்லாம் ஒரே பொட்டலத்தில் வரும். முன்பு மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் இருந்தது, 2015-இல் மரியாடிபிக்கு மாறினார்கள். ஆனால் ஸாம்ப்பின் கன்ட்ரோல் பேனலில் இன்றும் மைஎஸ்க்யூஎல் என்றே எழுதியிருக்கும், குழம்ப வேண்டாம்.

விண்டோஸ் என்றால் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் போடாமல் நேராக சி டிரைவிலேயே போடுங்கள். உள்ளே எச்டிடாக்ஸ் என்ற ஃபோல்டர் இருக்கும். அதற்குள் உங்கள் ப்ராஜெக்டுக்கு ஒரு ஃபோல்டர், உதாரணமாக ‘கடை’ என்று ஆங்கில எழுத்தில். அப்பாச்சியை ஸ்டார்ட் செய்துவிட்டு பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட், சாய்கோடு, கடை என்று அடியுங்கள். லோக்கல்ஹோஸ்ட் என்பது 127.0.0.1 என்ற முகவரியின் பெயர். கணினி தன்னைத் தானே கூப்பிட்டுக்கொள்ளும் எண் அது. அந்தப் போக்குவரத்து உங்கள் கணினியை விட்டு வெளியே போகாது, நெட் இல்லாவிட்டாலும் வேலை செய்யும்.

அப்பாச்சிக்கு ஸ்டார்ட் கொடுத்தால் போர்ட் 80 வேறு யாரோ பயன்படுத்துகிறார்கள் என்று சிவப்பில் எழுதி நின்றுவிடுகிறது. மூன்று முறை ஸாம்ப்பை அழித்துவிட்டு மறுபடி போட்டுவிட்டேன்.
– வாசகர், ஓசூர்

அழித்துப் போடுவதை முதலில் நிறுத்துங்கள். வாசலில் வேறு ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், வீட்டை இடித்துக் கட்டி என்ன பயன்?

போர்ட் என்பது கணினிக்குள் நுழைய எண் போட்ட வாசல். எச்டிடிபிக்கு வழக்கமான போர்ட் 80, எச்டிடிபிஎஸ்ஸுக்கு 443. ஒரு போர்ட்டில் ஒரு நேரத்தில் ஒரு சர்வர்தான் உட்கார முடியும். யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்க கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து நெட்ஸ்டாட் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, மைனஸ் குறியுடன் ஏ, என், ஓ என்ற மூன்று சின்ன எழுத்துகளைச் சேர்த்து அடியுங்கள். 80-இல் முடியும் வரியின் கடைசியில் ஓர் எண் இருக்கும். டாஸ்க் மேனேஜரின் டீடெயில்ஸ் பகுதியில் அந்த எண் யாருடையது என்று தெரியும். எண் 4, பெயர் சிஸ்டம் என்று வந்தால் பெரும்பாலும் விண்டோஸின் சொந்த வெப் சர்வரான ஐஐஎஸ். சர்வீசஸ் பட்டியலில் வேர்ல்ட் வைட் வெப் பப்ளிஷிங் சர்வீஸ் என்பதை நிறுத்தினால் போதும்.

அலுவலகக் கணினி, எதையும் நிறுத்த முடியாது என்றால் அப்பாச்சியை நகர்த்துங்கள். அதன் கான்ஃபிக் ஃபைலில் லிசன் 80 என்ற வரியை 8080 ஆக்கி, சர்வர்நேம் வரியிலும் அதே எண்ணைப் போடுங்கள். இனி லோக்கல்ஹோஸ்டுக்குப் பின்னால் முக்காற்புள்ளியும் 8080-உம் சேர்த்து அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதை ஒட்டி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். டேட்டாபேஸ் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கும்போது ‘டேட்டா ஃபோல்டரில் ஐபிடேட்டா1 என்ற ஃபைலை அழித்துவிடு’ என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். டேபிள்களைப் பற்றிய குறிப்பெல்லாம் அந்த ஃபைலில்தான் இருக்கிறது. அழித்தால் சர்வர் ஸ்டார்ட் ஆகும், உங்கள் டேபிள்கள் பெயரளவில் நிற்கும், திறக்காது. என்னிடம் படித்த ஒரு பையன் வைவாவுக்கு மூன்று நாள் முன்னால் இப்படிச் செய்துவிட்டு அழுதுகொண்டே வந்தான். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை, உட்கார்ந்து மறுபடியும் எல்லாவற்றையும் சேர்ந்து டைப் செய்தோம். எதைத் தொடுவதற்கு முன்னும் சர்வரை நிறுத்திவிட்டு டேட்டா ஃபோல்டரை முழுசாக வேறு இடத்தில் காப்பி எடுத்து வையுங்கள். வாரம் ஒருமுறை, டேட்டாபேஸைப் பிரவுசரிலேயே திறந்து பார்க்க உதவும் பிஎச்பி மைஅட்மினில் எக்ஸ்போர்ட்டும் எடுங்கள்.

நான் பார்ப்பது சின்னக் கடைகளின் சைட்டுகள்தான். சைட் ஓடும் வாடகை சர்வரான ஹோஸ்டிங்கிலேயே ஃபைலைத் திறந்து திருத்திவிட்டால் வேலை முடிந்தது. இதற்கு லோக்கல் சர்வர் எதற்கு என்று புரியவில்லை.
– வெப் டிசைனர், ஈரோடு

நானும் அப்படித்தான் இருந்தேன். தீபாவளிக்கு ஐந்து நாள் இருந்தது. கோவில்பட்டியில் ஒரு கடலை மிட்டாய்க் கடை, ஆன்லைன் ஆர்டர் எடுப்பதற்கு நான்தான் சைட் போட்டுக் கொடுத்திருந்தேன். சாயங்காலம் ஏழு மணிக்கு அண்ணாச்சி போன் செய்து, வெளிமாநில பார்சலுக்கு இருபது ரூபாய் கூட்டச் சொன்னார். ஒரே ஓர் எண். ஹோஸ்டிங்கில் ஃபைலைத் திறந்து மாற்றி சேவ் செய்துவிட்டுச் சாப்பிடப் போனேன். மாற்றும்போது வரிக் கடைசியில் இருந்த அரைப்புள்ளி சேர்ந்து அழிந்திருக்கிறது. பிஎச்பியில் அது ஒன்று போதும். பிழைச் செய்தியை வெளியே காட்டாதபடி ஹோஸ்டிங்கில் வைத்திருப்பார்கள், வைத்திருக்கவும் வேண்டும். ஆகவே வந்தவர்களுக்கெல்லாம் வெறும் வெள்ளைப் பக்கம்.

நாற்பது நிமிடம். அண்ணாச்சி என்னைத் திட்டவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அவரும் அவர் மகளும் பழைய ஆர்டர் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, வழக்கமாக வாங்குகிறவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நோட்டு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வருஷம் முழுக்க அவர்கள் காத்திருந்த வாரம் அது.

சின்னக் கடை என்கிறீர்கள். பெரிய கம்பெனிக்கு ஒரு மணி நேரம் போனால் தாங்கும். சின்னக் கடைக்கு அந்த ஒரு மணி நேரம்தான் மாதச் சம்பளம். உங்கள் கணினியில் சைட்டின் பிரதி ஒன்று ஓடட்டும். திருத்தத்தை அங்கே செய்யுங்கள், ஒரு போலி ஆர்டரை முதலிலிருந்து கடைசி வரை போட்டுப் பாருங்கள், அப்புறம் ஏற்றுங்கள். வாடிக்கையாளர் பெயர், போன் எண் இருக்கும் நிஜ டேட்டாவை மட்டும் உங்கள் லேப்டாப்புக்குக் கொண்டுவராதீர்கள், பொய்ப் பெயர்களைப் போட்டுச் சோதியுங்கள்.

பழைய ஓலைக் கணக்குகளைப் படியெடுத்து ஒரு சிறு தளத்தில் தொகுக்கிறேன். முதலில் தமிழ் முழுக்கக் கேள்விக்குறிகளாக வந்தது. டேபிளில் எழுத்துகளைச் சேமிக்கும் முறையை யூடிஎஃப்8 என்று மாற்றியதும் தமிழ் வந்துவிட்டது. ஆனால் காணி, முந்திரி போன்ற பின்னக் குறிகளைப் போட்டால் மட்டும் சேமிக்க மறுக்கிறது. ஸாம்ப்பில் கோளாறா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இந்த வேலையைச் செய்கிறீர்களே, அதற்கே முதலில் வணக்கம்.

கோளாறு ஸாம்ப்பில் இல்லை, ஒரு பெயரில் இருக்கிறது. மைஎஸ்க்யூஎல், மரியாடிபி இரண்டிலும் யூடிஎஃப்8 என்று வெகுகாலமாக அழைத்துவந்தது முழு யூடிஎஃப்8 அல்ல. ஓர் எழுத்துக்கு அதிகபட்சம் 3 பைட்தான் அதற்குள் அடங்கும். நாம் அன்றாடம் எழுதும் தமிழ் எழுத்துகள் யூனிகோடில் தலைக்கு 3 பைட், அதனால் தப்பித்துக்கொள்கின்றன. பின்னக் குறிகளும் பழைய அளவைக் குறிகளும் 2019-இல் யூனிகோட் 12-இல்தான் ‘தமிழ்ச் சேர்க்கை’ என்ற தனித் தொகுதியாக இடம் பெற்றன. அவை யூனிகோடின் முதல் 65,536 இடங்களுக்கு வெளியே இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் 4 பைட் வேண்டும். எமோஜிக்கும் இதே கதைதான்.

நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியது யூடிஎஃப்8எம்பி4. 2010 முதல் இருக்கிறது. இதை ஓரிடத்தில் மாற்றினால் போதாது. டேட்டாபேஸிலும், ஏற்கெனவே உள்ள டேபிள்களிலும் மாற்ற வேண்டும். பிஎச்பி டேட்டாபேஸோடு பேசத் தொடங்கும் இடத்திலும் செட் சார்செட் என்று இதே பெயரைச் சொல்ல வேண்டும், பலர் மறப்பது இதைத்தான். பக்கத்தின் தலைப்பகுதியில் சார்செட் என்ற இடத்தில் வழக்கமான யூடிஎஃப்-8 போதும்.

ஒரு வருத்தமான செய்தியும் உண்டு. ஏற்கெனவே கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்பட்ட பகுதிகள் திரும்பி வரா. அங்கே இப்போது இருப்பவை நிஜமான கேள்விக்குறிகளே, அவற்றை மறுபடி தட்டச்சு செய்யத்தான் வேண்டும். மாறாக, ஐரோப்பிய எழுத்துகள் தாறுமாறாகத் தெரியும் பகுதிகள் இருந்தால் அழித்துவிடாதீர்கள், அவற்றைப் பெரும்பாலும் மீட்கலாம். எல்லாம் சரியாகியும் குறி இருக்கும் இடத்தில் கட்டம் தெரிந்தால் அது ஃபான்ட் இல்லாத குறை. நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட் என்ற இலவச ஃபான்ட் இருக்கிறது, அதைத் தளத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

லோக்கலில் எல்லாப் படங்களும் வருகின்றன. ஹோஸ்டிங்கில் ஏற்றியதும் பாதிப் படங்கள் காணோம்.
– வாசகர், புதுச்சேரி

உங்கள் கணினி விண்டோஸ், ஹோஸ்டிங் லினக்ஸ், சரிதானே? விண்டோஸுக்குப் பெரிய எழுத்தில் ‘லோகோ’ என்று இருந்தாலும் சின்ன எழுத்தில் இருந்தாலும் ஒன்றுதான். லினக்ஸுக்கு அவை இரண்டு வெவ்வேறு ஃபைல். போனிலும் கேமராவிலும் எடுத்த படங்களின் கடைசியில் ஜேபிஜி என்பது பெரிய எழுத்தில் வந்துவிடுவதும் உண்டு. எல்லா ஃபைல் பெயரையும் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல் வைக்கப் பழகுங்கள். லோக்கல் பிஎச்பியும் ஹோஸ்டிங் பிஎச்பியும் ஒரே பதிப்பா என்றும் பாருங்கள். 8-இல் எழுதி 7.4-இல் ஏற்றினால் இதைவிடப் பெரிய தலைவலி வரும்.

ஆர்டர் நேரம் மூன்றரை மணி நேரம் பின்னால் காட்டுகிறது. கணினியின் கடிகாரம் சரியாக இருக்கிறது.
– வாசகி, யாழ்ப்பாணம்

உங்கள் ஸாம்ப் பெர்லின் நேரத்தில் ஓடுகிறது. அதன் பிஎச்பி ஐஎன்ஐ ஃபைலில் டைம்சோன் ஐரோப்பா, பெர்லின் என்று போட்டே வருகிறது. குளிர்காலத்தில் பார்த்திருந்தால் நாலரை மணி நேரம் காட்டியிருக்கும். ஏசியா, கொழும்பு என்று மாற்றி அப்பாச்சியை நிறுத்தி ஸ்டார்ட் செய்யுங்கள். அந்த ஃபைலில் டைம்சோன் வரி இரண்டு இடத்தில் இருக்கக்கூடும். மேலே இருப்பதை மாற்றிவிட்டு விட்டுவிடாமல் கடைசி வரை தேடுங்கள்.

என்னுடையது பழைய லேப்டாப், 4 ஜிபி ராம். நண்பர்கள் எல்லாரும் டாக்கர் கற்றுக்கொள் என்கிறார்கள்.
– மாணவர், நாகர்கோவில்

இப்போது வேண்டாம். ஹோஸ்டிங்கில் உள்ள அதே பதிப்புகளை அப்படியே கணினிக்குள் வைத்துக்கொள்ள டாக்கர் அருமையான வழி, வேலைக்குப் போகும்போது கட்டாயம் கேட்பார்கள். ஆனால் விண்டோஸில் அது உங்கள் ராமின் பெரும்பகுதியைத் தின்றுவிடும். உங்களுக்கு ஸாம்ப்கூட வேண்டாம். பிஎச்பி 5.4 முதல் அதற்குள்ளேயே ஒரு குட்டி சர்வர் இருக்கிறது. ப்ராஜெக்ட் ஃபோல்டரில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து பிஎச்பி, மைனஸ் பெரிய எஸ், லோக்கல்ஹோஸ்ட், முக்காற்புள்ளி, 8000 என்று அடித்தால் ஓடத் தொடங்கும். சோதனைக்கு மட்டும்தான் அது, வெளியுலகுக்குத் திறந்து வைக்கக் கூடாது.

லோக்கலில் ஓடும் சைட்டை என் போனில் பார்க்க முடியுமா?
– வாசகர், மதுரை

முடியும், பார்க்கத்தான் வேண்டும். உங்கள் சைட்டைத் திறப்பவர்கள் கையில் போன்தானே இருக்கப்போகிறது. போனும் கணினியும் ஒரே வைஃபையில் இருக்கட்டும். கமாண்ட் ப்ராம்ப்டில் ஐபிகான்ஃபிக் என்று அடித்தால் ஐபிவி4 வரியில் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் எண் வரும். போனில் லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்தால் அது போனைத்தான் குறிக்கும், எனவே இந்த எண்ணை அடியுங்கள். திறக்காவிட்டால் விண்டோஸ் ஃபயர்வாலில் அப்பாச்சிக்கு பிரைவேட் நெட்வொர்க்கில் மட்டும் அனுமதி கொடுங்கள். வீட்டு வைஃபையில் மட்டும் செய்யுங்கள். ஸாம்ப்பின் டேட்டாபேஸில் ரூட் பயனருக்குப் பாஸ்வேர்டே கிடையாது. ஹாஸ்டலிலோ ரயில் நிலைய வைஃபையிலோ இருக்கும்போது கன்ட்ரோல் பேனலில் அப்பாச்சி, மைஎஸ்க்யூஎல் இரண்டையும் ஸ்டாப் செய்துவிடுங்கள்.