பழைய டிராக்டருக்கு எஞ்சின் வைத்த புல்வெட்டி: கேட்டவர்களுக்குப் பதில்

நெல்லிக்குப்பம் ரோட்டில் லேத்துப் பட்டறை வைத்து 26 வருடம் ஆகிறது. குள்ளஞ்சாவடி பக்கம் ஒரு முந்திரித் தோப்புக்காகப் பழைய மாஸி 1035 டிராக்டருக்குப் பின்னால் தனி எஞ்சினில் ஓடுகிற புல்வெட்டி ஒன்று செய்து கொடுத்தேன். அதைப் பார்த்த பிறகு கேள்விகள் நிறைய வந்துவிட்டன, அதனால் எல்லாவற்றுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். இரும்பு, பேரிங், பெல்ட், பிளேடு பற்றிக் கேளுங்கள். டிராக்டரின் சொந்த எஞ்சினைப் பிரிப்பதும் வயரிங்கும் என் வேலை இல்லை.

கேள்வி (பாகூர்): அண்ணே, என்னிடமும் மாஸி 1035 இருக்கிறது. நாலு அடி அகலத்தில் செய்யணும். எந்த எஞ்சின், எந்த மாதிரி பிளேடு?

முதலில் மண்ணைச் சொல்லுங்கள் தம்பி, பிளேடு அப்புறம். தென்னந்தோப்பில் சமமான தரை, அருகம்புல்லும் கோரையும் மட்டும் என்றால் படுக்கையாகச் சுற்றுகிற நீளப் பிளேடு போதும். ஆனால் நம் பக்கம் முந்திரித் தோப்பில் தரை அப்படி இருப்பதில்லை. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயலில் வேரோடு சாய்ந்த மரங்களின் குழிகள் சில தோப்புகளில் இன்னும் முழுசாகத் தூரவில்லை, புல் மூடிக் கிடந்தால் கண்ணுக்கும் தெரியாது. அதற்கு நான் சொல்வது ஃபிளெய்ல்தான். ஒரு தடித்த குழாயில் சின்னச் சின்னப் பிளேடுகளைத் தொங்க விட்டு உருளை மாதிரி சுற்ற விடுவது. கல்லோ கட்டையோ பட்டால் பிளேடு மடங்கிப் பின்னால் போய்விடும், ஷாஃப்டு வளையாது.

இன்னொரு பெரிய லாபமும் இருக்கிறது. கடையில் கிடைக்கிற பெட்ரோல் எஞ்சின்களில் பெரும்பாலானவற்றுக்கு ஷாஃப்டு பக்கவாட்டில்தான் வரும். படுக்கைப் பிளேடுக்கு அந்தச் சுற்றைக் கீழ்நோக்கித் திருப்ப கியர்பாக்ஸ் வேண்டும், இல்லை பெல்ட்டை முறுக்கி ஓட்ட வேண்டும். ஃபிளெய்லுக்கு இரண்டும் வேண்டாம், எஞ்சினும் உருளையும் ஒரே போக்கில் கிடக்கின்றன, நேரே பெல்ட் போட்டால் போதும்.

நான் செய்ததின் அளவு: உருளையின் நடுவிலிருந்து பிளேடு நுனி வரை 7 இன்ச். எஞ்சினில் 4 இன்ச் புல்லி, உருளையில் 6 இன்ச் புல்லி, பி செக்‌ஷன் பெல்ட் இரண்டு. எஞ்சினை 3300 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு 3300 சுற்று) வைத்தால் உருளை 2200 சுற்றும், நுனி வேகம் நொடிக்கு 41 மீட்டர் வரும். புல் வெட்ட இது போதும், இதற்கு மேல் ஏற்றினால் கல் தெறிப்பதுதான் அதிகமாகும். அடிக்கு 3 எச்.பி.க்குக் குறையாமல் பாருங்கள், கோரை அடர்ந்திருந்தால் 4. ஹோண்டா ஜி.எக்ஸ்.390 மாதிரி 389 சி.சி. எஞ்சின் மூன்றரை அடி வரை சலிக்காமல் இழுக்கும். நாலு அடி என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள், அரை அடியை விட்டுக் கொடுத்தால் எஞ்சின் திணறாது.

மாட்டுவதற்கு டிராக்டரின் பின்பக்க மூன்று புள்ளி லிங்க் (கீழே இரண்டு கை, மேலே ஒன்று) போதும், கீழ் பின் 22 மி.மீ., மேல் பின் 19. டாப் லிங்க்கை, அதாவது மேல் கையை, இறுக்கிக் கட்டாமல் சங்கிலி போட்டு விடுங்கள், அப்போதுதான் குழியில் டிராக்டர் இறங்கும்போது புல்வெட்டி தன் போக்கில் தரையோடு போகும். உயரத்தை ஹைட்ராலிக்கை நம்பி விடக்கூடாது, பழைய வண்டியில் லிஃப்ட் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் சறுக்குப் பட்டை வைத்து அதன் மேல் நிற்க வையுங்கள்.

கேள்வி (வில்லியனூர்): பம்பு எஞ்சினை ஷாஃப்டு கீழே பார்க்கிற மாதிரி திருப்பி மாட்டினால் கியர்பாக்ஸ் மிச்சம்தானே?

கூடாது. உள்ளே எண்ணெயை வாரி அடிக்கிற கரண்டி கிடை நிலைக்காக வைத்தது. திருப்பினால் பேரிங்குக்கு எண்ணெய் போகாது, கொஞ்ச நேரத்தில் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி (குறிஞ்சிப்பாடி): லாரி ஸ்பிரிங் பட்டையில் பிளேடு செய்தேன். நீளம் பத்தாமல் ஒட்டு வெல்டிங் வைத்தேன். நல்லாத்தான் வெட்டுகிறது.

இன்றைக்கே கழற்றுங்கள். இதை நான் வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்கிறேன், இனியும் சொல்வேன். ஸ்பிரிங் எஃகு வெல்டிங் சூடு பட்டதும் ஒட்டின் பக்கத்தில் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், அதற்கு அடுத்த இடம் இளகிவிடும். நூறு முறை வெட்டும், நூற்றியோராவது முறை ஒரு கல் பட்டதும் துண்டாகப் பறக்கும். 2009இல் என் பட்டறையிலேயே அப்படி ஒட்டுப் போட்ட பிளேடு ஒன்றை வெறுமனே ஓட விட்டுப் பார்த்தேன். துண்டு கதவுத் தகட்டைத் துளைத்து வெளியே புளியமரத்தில் போய்ச் செருகியது. அந்த நேரம் வாசலில் யாரும் இல்லை. அரை மீட்டர் விட்டத்துக்குச் சுற்றுகிற பிளேடு 3000 ஆர்.பி.எம்.மில் நுனியில் மணிக்கு 280 கிலோமீட்டர் வேகம் போகிறது, அதை மனதில் வையுங்கள். பிளேடில் வெல்டிங் வேண்டாம், கேஸ் வைத்து ஓட்டை போடவும் வேண்டாம், டிரில்தான். போல்ட்டு 10.9 கிரேடு, நைலாக் நட்டு.

கேள்வி (மடுகரை): படுக்கைப் பிளேடுதான் போட்டேன். ஓடினால் டிராக்டர் சீட்டே நடுங்குகிறது. பேரிங் மாற்றியும் போகவில்லை.

பேரிங் மேல் குற்றம் இல்லை, பிளேடு எடை சமம் இல்லை. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நடுவிலிருந்து 25 செ.மீ. தள்ளி ஒரு பக்கம் 10 கிராம் கூட இருந்தாலே 3000 ஆர்.பி.எம்.மில் 25 கிலோ எடை இழுக்கிற மாதிரி இழுக்கும், அதுவும் நொடிக்கு 50 தடவை திசை மாறி மாறி. நடு ஓட்டை 1 மி.மீ. தள்ளிப் போட்டிருந்தால் 2 கிலோ பிளேடுக்கு 20 கிலோ. ஓட்டையில் ஆணியை விட்டுச் சுவரில் தொங்க விடுங்கள், எந்தப் பக்கம் கீழே இறங்குகிறதோ அந்தப் பக்கம் முதுகில் கிரைண்டர் பிடியுங்கள், வெட்டுகிற முனையில் வேண்டாம். எப்படித் திருப்பி வைத்தாலும் அப்படியே நிற்கும் வரை. அப்புறமும் நடுங்கினால் ஓட்டையை அளந்து பாருங்கள்.

கேள்வி (பண்ருட்டி): 35 எச்.பி. டிராக்டர் முன்னால் சும்மா உறுமிக்கொண்டு போக, பின்னால் இன்னொரு எஞ்சினுக்கு பெட்ரோல் ஊற்றுவது எதற்கு? பி.டி.ஓ.வில் (டிராக்டர் எஞ்சினின் சக்தியைப் பின்னால் எடுத்துத் தரும் ஷாஃப்டில்) மாட்டினால் முடிந்தது. காசைக் கரியாக்கச் சொல்லித் தருகிறீர்கள்.

பி.டி.ஓ. நன்றாக இருக்கிற வண்டிக்கு நீங்கள் சொல்வது சரி, நானும் அதைத்தான் செய்து கொடுக்கிறேன். ஆனால் என்னிடம் வருகிற பழைய வண்டிகளில் பாதிக்கு ஸ்பிளைன் (ஷாஃப்டின் பல்வரி) தேய்ந்திருக்கிறது, இல்லை சீல் ஒழுகுகிறது. அதை விடப் பெரிய விஷயம் ஒற்றை கிளட்ச், சக்கரத்துக்கும் பி.டி.ஓ.வுக்கும் ஒன்றேதான். வண்டியை நிறுத்த கிளட்ச்சை மிதிக்கிறீர்கள், எஞ்சின் விலகிவிடும். ஆனால் கனமான பிளேடு சுற்றின வேகத்தில் பி.டி.ஓ. வழியாகத் திரும்பி கியர்பாக்ஸைச் சுற்றி வண்டியை முன்னால் தள்ளும். ஒரு ஜீட்டர் 2511 டிராக்டர் பிரேக் மிதித்தும் நிற்காமல் வாய்க்கால் கரை வரை போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (மீண்டும் பண்ருட்டி): பத்து வருடமாக ரோட்டவேட்டர் ஓட்டுகிறேன், ஒரு நாளும் தள்ளியதில்லை.

ரோட்டவேட்டர் மண்ணுக்குள் இருக்கிறது, கிளட்ச்சை மிதித்ததும் மண்ணே பிடித்து நிறுத்திவிடும். புல்வெட்டிப் பிளேடு காற்றில் சுற்றுகிறது, அதைப் பிடிக்க எதுவும் இல்லை. இரண்டும் ஒன்றில்லை.

கேள்வி (நெய்வேலி): பண்ருட்டிக்காரர் சொல்வதுதான் நியாயம். அதற்கு ஒரு பக்கம் மட்டும் சுற்றைக் கடத்துகிற ஓவர் ரன்னிங் கிளட்ச் விற்கிறதே, மாட்டினால் தீர்ந்தது.

தீரும். அதை மாட்டிக்கொண்டு பி.டி.ஓ.வில் ஓட்டுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் அது ஷாஃப்டை சில இன்ச் நீளமாக்கும். டிராக்டரையும் புல்வெட்டியையும் இணைக்கிற கார்டன் ஷாஃப்டை அந்த அளவு வெட்டாமல் விட்டு, லிஃப்ட்டைத் தூக்கும்போது உள்குழாய் முட்டினால், பி.டி.ஓ. பேரிங்கைத்தான் உடைக்கும். தூக்கி, இறக்கி, இரண்டு நிலையிலும் அளந்து பார்த்துவிட்டு வெட்டுங்கள். கவர் இல்லாத ஷாஃப்டு வேண்டவே வேண்டாம், வேட்டி நுனி மாட்டினால் இழுத்துவிடும்.

கேள்வி (கடலூர் ஓ.டி.): பீட்டர் எஞ்சின் 5 எச்.பி. சும்மா கிடக்கிறது, நாலு அடிக்குப் போடலாமா?

கனம் அதிகம், வேகம் குறைவு, 5 எச்.பி. நாலு அடிக்குப் பத்தாது. தண்ணீர் இறைக்க வையுங்கள்.

கேள்வி (திருக்கனூர்): ஆப்பே ஆட்டோ டீசல் எஞ்சின்?

பழைய ஆப்பேயின் 395 சி.சி. என்றால், இரண்டரை அடி வரை. அதற்கு மேல் என்றால் பாகூர்க்காரருக்குச் சொன்ன கணக்கை ஒரு முறை படியுங்கள், அதே கேள்வி இன்னும் மூன்று பேரிடமிருந்து வந்திருக்கிறது. எந்த எஞ்சினானாலும் அடிக்கு 3 எச்.பி., முடிவை நீங்களே எடுத்துவிடலாம்.

கேள்வி (குள்ளஞ்சாவடி): அண்ணா, எனக்கு இரண்டு ஏக்கர் முந்திரிதான். கொட்டை பொறுக்க வரும் பெண்களுக்குப் புல்லில் கால் வைக்கவே பயமாக இருக்கிறது. டிராக்டரும் பழசு. இதைச் செய்து கொடுப்பீர்களா?

அம்மா, உங்களுக்கு இது வேண்டாம். மரத்தடியில் கிளை தாழ்ந்திருக்கும் இடத்துக்கு டிராக்டர் நுழையாது, எப்படியும் கையால் வெட்ட வேண்டி வரும். முதுகில் மாட்டுகிற பிரஷ் கட்டர் ஒன்று வாங்கி, மாசிக்குள் ஒரு முறை, கொட்டை விழ ஆரம்பிக்கும் முன் இன்னொரு முறை வெட்டினால் இரண்டு ஏக்கருக்குப் போதும். நான் செய்து கொடுத்துக் காசு வாங்கினால் அது உங்களுக்கு உதவி ஆகாது. வெட்டுபவர் முகத்துக்கு வலைக் கண்ணாடியும் காலுக்கு பூட்ஸும் போடட்டும்.

கேள்வி (அரியாங்குப்பம்): பின்பக்கச் சங்கிலித் திரையில் புல் அடைக்கிறது, கழற்றிவிட்டேன். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். அந்தச் சங்கிலிதான் கல்லையும் உடைந்த இரும்பையும் தடுக்கிறது, பின்னால் வேலை செய்பவர் கண் அதை நம்பித்தான் இருக்கிறது. புல் அடைத்தால் காய்ந்த பிறகு வெட்டுங்கள், வேகத்தைக் குறையுங்கள். சங்கிலி திரும்பி வரட்டும்.

கேள்வி (பாகூர், மறுபடி): ஆயுத பூஜைக்குள் முடிக்கணும் அண்ணே. முதல் ஓட்டத்துக்கு என்னென்ன பார்க்கணும்?

சீட்டிலிருந்து எழுந்தால் எஞ்சின் நிற்கிற ஸ்விட்ச் வையுங்கள். பெட்ரோல் எஞ்சினில் அந்த வயர் எர்த்தானால்தான் நிற்கும், அதனால் வயர் எங்காவது அறுந்தால் ஸ்விட்ச் வேலை செய்யாது, உங்களுக்கும் தெரியாது. தினமும் காலையில் ஒரு முறை எழுந்து பார்த்துவிட்டுத்தான் தோப்புக்குள் போக வேண்டும். சைலன்சர் பக்கம் காய்ந்த புல் சேராமல் தகடு வையுங்கள். அடியில் கை விடுவதற்கு முன் ஸ்பார்க் பிளக் வயரைப் பிடுங்குங்கள், அப்புறம் கழற்றுங்கள். முதல் நாள் பத்து நிமிடம் வெறுமனே ஓட விட்டு, நிறுத்தி, எல்லா நட்டையும் மறுபடி இறுக்குங்கள், ஒன்றிரண்டு இளகியிருக்கும். பூஜைக்கு முடியாவிட்டால் விட்டுவிடுங்கள், தையில் புல் அப்படியேதான் நிற்கும். உருளைக்குக் குழாய் வாங்கியதும் பட்டறைக்குக் கொண்டு வாருங்கள், எடை சமன் நான் பார்த்துத் தருகிறேன்.