ஈசியூ பழுதுபார்க்கப் போகும் மகன்: திருமங்கலம் தந்தைக்குப் பதில்

ஐயா, வணக்கம்.

மின்னணுவியல் டிப்ளமோ முடித்த மகன் கப்பலூர்ப் பக்கம் ஒரு கார் பட்டறையில் ஈசியூ (காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்) பழுதுபார்க்கச் சேரப்போவதாகச் சொல்கிறான், "மூன்று வருடம் படிக்கவைத்தது கிரீஸ் துடைக்கவா?" என்று எழுதியிருக்கிறீர்கள். கோபம் நியாயம்தான். ஆனால் அவன் கேட்கும் வேலையில் ஸ்பேனரைவிட, வோல்ட்டும் மின்தடையும் அளக்கும் மல்டிமீட்டருக்குத்தான் உழைப்பு அதிகம். ஒரு பழுதை வைத்தே சொல்கிறேன்.

கார் ஸ்டார்ட் ஆகவில்லை. டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்குகள் வரிசையாக எரிகின்றன. பழுதுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனர் 'யு0100' என்கிறது: எஞ்சின் கம்ப்யூட்டருடன் தொடர்பு இல்லை. அவசரக்காரர் உடனே "ஈசியூ போய்விட்டது, மாற்றுங்கள்" என்பார். புதியதன் விலை ஒருபுறம், சாவியை அதற்குப் பழக்கும் செலவு மறுபுறம்.

காரில் உள்ள கம்ப்யூட்டர்கள் கேன் ஹை, கேன் லோ என்ற இரண்டு ஒயர்களில் பேசிக்கொள்கின்றன. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய 'கேன்' என்ற தொடர்பு முறை இது. ஒவ்வொரு போர்டிலும் அந்த ஒயர்களைத் தொடும் இடத்தில் பெரும்பாலும் எட்டுக்கால் சில்லு ஒன்று இருக்கும், டிரான்ஸீவர் என்பார்கள். அது உள்ளே ஷார்ட் ஆகி ஒயரைப் பிடித்துக்கொண்டால், மற்ற எதுவும் பேச முடியாது.

தெரிந்தவர் முதலில் பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் செருகும் சாக்கெட்டின் 6, 14ஆம் பின்களுக்கு இடையே ஓம்ஸ், அதாவது மின்தடை, பார்ப்பார். கேன் ஒயர்களின் இரு முனைகளிலும் 120 ஓம்ஸ் மின்தடை இணையாக இருப்பதால், அதில் பாதி, 60 காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் எங்கோ ஷார்ட். (ஸ்கேனர் சாக்கெட்டுக்கும் மற்ற கம்ப்யூட்டர்களுக்கும் நடுவே கேட்வே என்ற இடைக் கம்ப்யூட்டர் வைத்த புதிய கார்களில் இந்தக் கணக்கு மாறும்.) பிறகு பேட்டரியை மாட்டி, கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாக விலக்குவார், எதை விலக்கியதும் மற்றவை பேசத் தொடங்குகின்றனவோ, அதன்மேல் சந்தேகம். பையன்கள் வழுக்குவது இங்கேதான். முனையில் இருக்கும் கம்ப்யூட்டருக்குள்ளேயே அந்த 120 ஓம்ஸ் இருக்கும். அதைக் கழற்றியபின் அளந்தால் 120 வருவது புதுப் பழுதல்ல.

சில்லில் கை வைக்கும் முன் அதற்கு மின்சாரம் வருகிறதா, எர்த் சரியா, கனெக்டரில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செத்ததாகச் சொல்லப்படும் சில்லு பல நேரம் பட்டினிதான் கிடக்கும். உண்மையிலேயே கெட்டிருந்தால், ஹாட் ஏர் (சூடான காற்றால் சால்டரை உருக்கும் கருவி) பிடிக்கத் தெரிந்தவனுக்கு மாற்றுவது சில நிமிட வேலை. ஏன் கெட்டது? பேட்டரியைக் கழற்றாமல் பாடியில் வெல்டிங் வைத்தார்களா, ஜம்ப் ஸ்டார்ட் கொடுக்கும்போது பிளஸ் மைனஸ் மாறியதா, தண்ணீர் இறங்கியதா? இதைக் கேட்காமல் விட்டால் அதே வண்டி அதே பழுதோடு மீண்டும் வந்து நிற்கும்.

இந்தப் பொறுமை உங்கள் மகனுக்கு இருக்கிறதா என்று மதிப்பெண் பட்டியல் சொல்லாது. ஓராண்டு அனுப்பிப் பாருங்கள். வேலை உத்தரவாதம் என்று விளம்பரம் செய்யும் குறுகிய காலப் பயிற்சிக்காக நகையை அடகு வைக்காதீர்கள். அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதிக்கு நல்ல மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன், இரண்டு கேன் பயிற்சிப் போர்டுகள் வந்துவிடும். வீட்டு மேசையில் அவற்றைப் பேசவைத்து, வேண்டுமென்றே ஒரு ஒயரை அறுத்து என்ன நடக்கிறது என்று பார்க்கட்டும். சில்லின் விவரங்களைச் சொல்லும் டேட்டாஷீட் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அதற்குப் பயந்தால் சம்பளம் ஏறாது.

டிப்ளமோ கையில் இருப்பதால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் வழி மூடிவிடவில்லை. பின்னாளில் சென்னையிலோ ஓசூரிலோ வாகன நிறுவனங்களின் சோதனைப் பிரிவுக்குப் போக நினைத்தால் அது கைகொடுக்கும். இப்போதே முடிவு செய்யத் தேவையில்லை.

பட்டறை முதலாளியிடம் சம்பளம் பேசும் முன், அங்கே மின் அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் இருக்கிறதா, அதைப் புதுப் பையன் தொடலாமா என்று கேளுங்கள். இரண்டுக்கும் இல்லை என்றால் எனக்கு எழுதுங்கள், வேறு பட்டறை பார்ப்போம்.