டேப் திரும்பிச் சுற்றும் நேரம்

அன்புள்ள அக்காவுக்கு,

பல ஆண்டுகளாக நான்கு ட்ராக் (தனித்தனி ஒலித்தடம்) கேசட் இயந்திரத்தில் என் பாடல்களை வீட்டிலேயே பதிவு செய்துவந்தேன். சென்ற ஆண்டு அதை ஓரங்கட்டிவிட்டுக் கணினிக்கு மாறினேன். மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ், மைக், மென்பொருள் எல்லாம் வாங்கியாயிற்று. அன்றிலிருந்து ஒரு பாட்டையும் முடிக்கவில்லை. பாடும்போது என் குரலே ஹெட்போனில் தாமதமாக வந்து விழுகிறது. அதைச் சரிசெய்யப் போனால் படபடவென்று வெடிக்கும் சத்தம் வருகிறது. ஒரு நாள் பதிவு செய்ததை மறுநாள் திறந்தால் சுருதி இறங்கி, பாட்டே இழுத்துக்கொண்டு போகிறது. ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பதிவு செய்யும் லூப் ரெக்கார்டிங் வசதி இருப்பதால் நிறுத்தாமல் பாடிக்கொண்டே இருக்கிறேன். ஒரு பல்லவிக்கு மட்டும் 61 டேக் (ஒவ்வொரு முறை பாடிய பதிவு) சேர்ந்துவிட்டது. எது நல்லது என்று தெரியவில்லை. மென்பொருளை மாற்றினால் சரியாகுமா? எதற்கு மாறலாம்? மைக்கையும் மாற்ற வேண்டுமா? பழைய இயந்திரத்தை விற்றுவிடலாம் என்று இருக்கிறேன். சில சமயம், இப்படி வெட்டி ஒட்டுவதெல்லாம் பாட்டே இல்லை, ஏமாற்று வேலை என்றும் தோன்றுகிறது.

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தில் 61 என்ற எண்ணைப் பார்த்ததும் கையிலிருந்த வேலையை அப்படியே வைத்துவிட்டேன். கொஞ்ச காலமாக நான் மனத்தில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கும் விஷயம் அதற்குள்தான் இருக்கிறது. அதற்குப் போகும் முன் உங்கள் தொழில்நுட்பத் தொல்லைகளை முடித்துவிடுவோம். இவற்றுக்காகவா ஓர் ஆண்டு மனம் நொந்துபோனீர்கள் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாகவும் இருக்கிறது, கோபமாகவும் இருக்கிறது.

குரல் தாமதமாக வருவதற்குக் காரணம் பஃபர். கணினி ஒலியைச் சிறு சிறு தொகுதிகளாகச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் கையாளுகிறது. வினாடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியின் அளவீடுகள்) எடுக்கும்போது பஃபரை 1024 மாதிரிகள் என்று வைத்தால், உள்ளே போக 23 மில்லி வினாடி, வெளியே வர இன்னொரு 23. மொத்தம் 46. காற்றில் ஒலி அந்த நேரத்தில் ஏறக்குறைய 16 மீட்டர் கடந்துவிடும். அதாவது உங்கள் குரலை நீங்கள் 16 மீட்டர் தள்ளி நின்று கேட்டுக்கொண்டு பாடுகிறீர்கள். யாராலும் தாளத்தில் நிற்க முடியாது. பஃபரை 128-க்குக் குறைத்தால் இந்தத் தாமதம் 6 மில்லி வினாடிக்கு வந்துவிடும். ஆனால் அவ்வளவு குறுகிய நேரத்துக்குள் கணினி தன் கணக்கை முடிக்க முடியாமல் போனால் ஒலி அறுபடும். நீங்கள் கேட்ட படபடப்பு அதுதான். ஆகவே பாடும்போது எதிரொலி முதலான எஃபெக்ட்டுகளை எல்லாம் அணைத்துவிட்டு பஃபரைக் குறையுங்கள். பதிவானவற்றைக் கலக்கும்போது (மிக்ஸிங்) தாராளமாகக் கூட்டிக்கொள்ளுங்கள். விண்டோஸ் கணினி என்றால் இன்டர்ஃபேஸ் தயாரிப்பாளர் தரும், தாமதத்தைக் குறைக்கும் ஏஎஸ்ஐஓ டிரைவரையே மென்பொருளில் தேர்ந்தெடுங்கள். இதைவிட எளிய வழியும் உண்டு. பெரும்பாலான இன்டர்ஃபேஸ்களில் டைரக்ட் மானிட்டர் என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் உங்கள் குரல் கணினிக்குள் போய்ச் சுற்றி வராமல் நேராக ஹெட்போனுக்கே வந்துவிடும்.

சுருதி இறங்குவதும் வெறும் கணக்குதான். வினாடிக்கு 48,000 மாதிரிகளாகப் பதிவானதை 44,100 என்ற வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் இறங்கும். 4 நிமிடப் பாட்டு 4 நிமிடம் 21 வினாடி ஓடும். இன்டர்ஃபேஸிலும் மென்பொருளிலும் ஒரே எண்ணை வையுங்கள். தீர்ந்தது.

மைக்கைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. பாட்டை முடிக்காத ஆளுக்கு எந்த மைக்கும் ஒன்றுதான்.

ஏமாற்று வேலை என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கிட்டார் கலைஞர் லெஸ் பால் 1940களிலேயே தன் வீட்டு கராஜில் ஒரே கிட்டாரை மேலுக்கு மேல் அடுக்கிப் பதிவு செய்தார். பிறகு ஒற்றை டேப் இயந்திரத்தில், பழைய அடுக்கோடு புதியதைக் கலந்து, பழையதை அழித்துக்கொண்டே போகும் முறையில் பாடகி மேரி ஃபோர்டின் குரலையும் அடுக்கினார். கடைசி அடுக்கில் ஒரு சுரம் பிசகினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். 1957-இல் ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் எட்டு ட்ராக் இயந்திரம் அவர் வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்த வேதனை தீர்ந்தது. வீட்டில் ஒரு மனிதர் தன்னோடு தானே சேர்ந்து இசைப்பது அன்றைக்கே இருந்த கலை. அதில் ஏமாற்று எங்கே வந்தது?

இனி அந்த 61.

கேசட்டிலிருந்து கணினிக்கு மாறியவர்கள் எழுதுவதையெல்லாம் படித்துப் பார்த்தால் இரண்டு புலம்பல்கள்தாம் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, டேப்பின் ஒலியில் இருந்த இதம் போய்விட்டது என்பது. இரைச்சலும் சுருதி அலைச்சலும் அதில் எவ்வளவு இருந்தன என்று எனக்கு நினைவிருக்கிறது. நான் அதற்கு ஏங்கவில்லை. இன்னொன்று, நான்கே ட்ராக் இருந்ததால் கட்டுப்பாடு இருந்தது என்பது. மூன்று ட்ராக்குகளைக் கலந்து நான்காவதில் இறக்கிவிட்டு, அந்த மூன்றையும் அழித்து மறுபடி பயன்படுத்துவோம். இறக்கிய பிறகு கிட்டாரைக் கூட்டவோ குரலைக் குறைக்கவோ வழி கிடையாது. சரிதான், ஆனால் அதைப் பற்றி நிறையப் பேர் எழுதியாயிற்று. எவரும் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. ரீவைண்ட்.

எங்கள் வீட்டில் அந்த இயந்திரம் அண்ணன் பொறுப்பில் இருந்தது. அவர் கிட்டார் வாசிப்பார், நான் பாடுவேன். சாதாரண கேசட்தான், ஆனால் இருமடங்கு வேகத்தில் ஓடும். நான்கு ட்ராக்கும் ஒரே திசையில் பதிவாகிவிடுவதால் மறுபக்கம் என்பதே கிடையாது. 60 நிமிடக் கேசட்டில் 15 நிமிடம்தான் கிடைக்கும். பாடி முடித்ததும் அண்ணன் ரீவைண்ட் பொத்தானை அழுத்துவார். மோட்டார் முதலில் முனகும், பிறகு வேகம் பிடிக்கும். எண்காட்டியின் மூன்று குட்டிச் சக்கரங்கள் பின்னோக்கி ஓடும். அவர் என் முகத்தைப் பார்க்க மாட்டார், அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருப்பார். 010-ஐத் தாண்டும்போதுதான் வாய் திறப்பார். ஒரே ஒரு விஷயம் சொல்வார். "மூன்றாம் வரியில் மூச்சு தீர்ந்துபோகிறது. அதற்கு முந்தைய சொல்லை நீட்டாதே." வேறு குறை இல்லையா என்று கேட்டால், "அடுத்த சுற்றில் சொல்கிறேன்" என்பார். 000 வந்ததும் நிறுத்துவார்.

அப்போது எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். இந்தச் சுற்றல் மட்டும் இல்லாவிட்டால் எவ்வளவு பாடலாம் என்று நினைப்பேன். கணினியில் இப்போது அது இல்லை. ஒரு விசையைத் தட்டினால் பாட்டின் தொடக்கத்தில் நிற்கலாம்; லூப் போட்டுவிட்டால் தட்டக்கூட வேண்டாம். அந்த இடைவெளியில் என்னென்ன நடந்துகொண்டிருந்தன என்பது அது போன பிறகுதான் தெரிகிறது.

கவனித்துப் பாருங்கள், ஒரு டேக்குக்கு இரண்டு முறை சுற்ற வேண்டியிருந்தது. பாடியதைக் கேட்பதற்காக ஒரு முறை. கேட்டுவிட்டு மீண்டும் பாடுவதற்காக இன்னொரு முறை. இரண்டும் ஒன்றல்ல.

முதல் சுற்றின்போது நாம் பாடியதை இன்னும் கேட்டிருக்க மாட்டோம். ஆனால் அது மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும். எங்கே தொண்டை இறுகியது, எந்தச் சொல்லை நம்பாமல் பாடினோம், எந்த இடம் தானாக வந்தது என்று உடம்புக்கே தெரியும். ஒலிப்பெருக்கி சொல்வதற்கு முன்பே நமக்கென்று ஒரு தீர்ப்பு உருவாகிவிடும். பிறகு டேப்பைக் கேட்கும்போது அந்தத் தீர்ப்பை உரசிப் பார்ப்போம். சில சமயம் நாம் நினைத்தது சரியாக இருக்கும், சில சமயம் இருக்காது. பாடுகிறவருக்குக் காது வளர்வது இப்படி உரசிப் பார்ப்பதில்தான். லூப்பில் பாடும்போது இதற்கு இடமே இல்லை. கடைசிச் சொல்லின் அதிர்வு அடங்கும் முன்னே முதல் வரியின் கிட்டார் வந்துவிடுகிறது. முந்தைய டேக்கின் நினைவை அடுத்த டேக் அழித்துவிடுகிறது. கணினி 61-ஐயும் பத்திரமாக வைத்திருக்கிறது, நீங்கள் ஒன்றையும் வைத்திருக்கவில்லை. எது நல்லது என்று தெரியவில்லை என்கிறீர்களே, எப்படித் தெரியும்? பாடிய அன்று நீங்களே அதைக் கேட்கவில்லையே!

இரண்டாவது சுற்றின்போது முடிவெடுக்க வேண்டும். அடுத்ததைப் பாடினால் இது அழிந்துவிடும். ஆகவே இப்போது பாடியதைவிட எதை நன்றாகச் செய்யப்போகிறோம் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் அந்த டேக் இருக்கட்டும் என்று விட்டுவிடுவோம். அண்ணன் ஒரே ஒரு குறையை மட்டும் சொன்னது அதனால்தான். ஒன்றைத்தான் மனத்தில் பிடித்துக்கொண்டு பாட முடியும். ஐந்தைச் சொன்னால் ஆறாவதாக ஒன்று கெடும்.

குரலையும் மறந்துவிடாதீர்கள். ஒரே பல்லவியை இடைவிடாமல் இருபது முறை உச்சத்தில் பாடினால் தொண்டை களைத்துப்போகும். மேல்சுரங்களில் சுருதி இறங்கத் தொடங்கும். அது தெரியாமல் இன்னும் அழுத்திப் பாடுவோம். உங்கள் 61-இல் பிற்பாதி முழுவதும் களைத்த குரலாகத்தான் இருக்கும் என்று நான் கேட்காமலே சொல்வேன். இதைச் செய்ததற்காக உங்கள்மேல் எனக்கு உண்மையாகவே கோபம். இன்டர்ஃபேஸ் கெட்டால் வேறொன்று வாங்கலாம், தொண்டையை எங்கே போய் வாங்குவீர்கள்?

இடையில் ஓய்வெடுத்தால் போதாதா என்று சிலர் என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். ஓய்வு வேறு, இது வேறு. எழுந்து போய்த் தொலைபேசியைப் பார்த்துவிட்டு வந்தால் பாட்டின் நினைவு அறுந்துவிடும். டேப் சுற்றும்போது கையில் வேறு வேலை கிடையாது, அறையை விட்டுப் போகவும் நேரம் கிடையாது. அரை நிமிடமோ என்னவோ, பாட்டோடு மட்டும் இருந்தாக வேண்டும்.

கணினியை நான் விடச் சொல்லவில்லை. நானும் அதில்தான் பதிவு செய்கிறேன். மைக்கை அறையின் ஒரு மூலையிலும் கணினியை எதிர்மூலையிலும் வைத்திருக்கிறேன். பாடி முடித்ததும் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு நடந்து போய்த்தான் நிறுத்த வேண்டும். போனதும் ஒரு தாளில் ஒரு வரி எழுதுவேன். எழுதிய பிறகே கேட்பேன். பாட்டின் கடைசியில் என் காலடிச் சத்தம் பதிவாகியிருக்கும், அதை வெட்டிவிடுவது எளிது. நீங்களும் லூப்பை அணையுங்கள். அந்த 61-ஐ உட்கார்ந்து கேட்டுத் தேர்ந்தெடுக்கும் வேலையில் மட்டும் இறங்காதீர்கள், இன்னும் இரண்டு மாதம் போய்விடும். புதிதாக ஒரு கோப்பைத் திறந்து, நன்றாக ஓய்வெடுத்த ஒரு காலையில் மூன்று முறை பாடுங்கள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அழித்துவிடுங்கள். கை நடுங்கும். அழித்துத்தான் ஆக வேண்டும்.

மென்பொருள் எது என்று கேட்டிருந்தீர்கள். இப்போது வைத்திருப்பதே போதும்.

பழைய இயந்திரத்தை விற்காதீர்கள், அவசரப்பட வேண்டாம். நான்கு ட்ராக்கில் பதிவான கேசட்டைச் சாதாரண டெக்கில் போட்டால் பாதி வேகத்தில் இரண்டு ட்ராக் கேட்கும். திருப்பிப் போட்டால் மற்ற இரண்டும் பின்னிருந்து முன்னாக ஓடும். உங்கள் பழைய பாடல்களை உருப்படியாக வாசிக்க வீட்டில் இருப்பது அந்த ஒரு இயந்திரம்தான். அதனுள் இருக்கும் ரப்பர் பெல்ட் தளர்வதற்குள் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிடுங்கள். நான்கு ட்ராக்குக்கும் தனித்தனி வெளியீடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் நான்கையும் ஒரே ஓட்டத்தில் ஏற்றுங்கள். இரண்டிரண்டாக ஏற்றினால் டேப்பின் வேகம் ஒவ்வொரு முறையும் சற்றே மாறுவதால் பிறகு ஒன்றோடொன்று சேராது. உங்கள் இன்டர்ஃபேஸில் இரண்டு உள்ளீடுகள்தாம் என்றால், நான்கு உள்ளீடு உள்ள ஒன்றைத் தெரிந்தவர் யாரிடமாவது ஒரு வாரத்துக்கு இரவல் வாங்குங்கள். டேப்பைத் தொட்டு ஒலியைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

அன்புடன்,
அக்கா